84 பரிந்துரைகளும் ஒரு வாத்தியாரும்

1928ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியிலிருந்து ஒரு பேராசிரியர் இந்தியாவுக்கு வந்தார். அறுபதை எட்டிக்கொண்டிருந்த வயது. குள்ளமான, கட்டுறுதியான உடம்பு. முறுக்கிவிட்ட மீசை. மாணவப் பருவத்தில் வாள்சண்டை போட்டதில் முகத்தில் விழுந்த தழும்பு. பார்த்தால் ஓய்வுபெற்ற குதிரைப்படை அதிகாரி என்று சொல்லலாம், இயற்பியல் பேராசிரியர் என்று சொல்ல மாட்டோம். பெயர் அர்னால்ட் சொம்மர்ஃபெல்ட். கல்கத்தாவில் சி.வி. ராமனைச் சந்தித்து, அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் கண்டுபிடிக்கப்பட்டிருந்த ராமன் விளைவைத் தன் கண்ணால் பார்த்தார். மதராஸுக்கும் வந்து பிரசிடென்சி கல்லூரியில் பேசினார்.

அந்தக் கூட்டத்தில் ராமனின் அண்ணன் மகன் இருந்தான். பெயர் சந்திரசேகர், பதினெட்டை ஒட்டிய வயது, பி.எஸ்சி. ஆனர்ஸ் மாணவன். சொம்மர்ஃபெல்ட் எழுதிய ‘அணு அமைப்பும் நிறமாலைக் கோடுகளும்’ என்ற தடித்த புத்தகத்தை யாரும் சொல்லிக் கொடுக்காமல் தானாகவே படித்து முடித்திருந்தான். மறுநாள் பேராசிரியர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்விட்டான். உங்கள் புத்தகத்தைப் படித்திருக்கிறேன், இந்தத் துறையில்தான் ஆராய்ச்சி செய்ய ஆசை என்றான். அவருடைய பதில் அவனைத் தூக்கிவாரிப் போட்டது. நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது என்றார். புத்தகம் வந்தபின் ஹைசன்பெர்க், ஷ்ரோடிங்கர், டிராக், பவுலி என்று ஒரு கூட்டமே கிளம்பி இயற்பியலை அடியோடு மாற்றிவிட்டது என்று விளக்கினார்.

சொன்னதோடு அவர் நிறுத்தவில்லை. உலோகங்களுக்குள் எலெக்ட்ரான்கள் நடந்துகொள்ளும் விதம் பற்றித் தான் எழுதிய புதிய கட்டுரையின் அச்சுப்படியை எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டார். இன்னும் வெளியாகாத கட்டுரை. முன்பின் தெரியாத ஒரு கல்லூரிப் பையன்!

அந்தத் தாள்களிலிருந்துதான் சந்திரசேகர் ஃபெர்மி–டிராக் புள்ளியியலைக் கற்றுக்கொண்டார். சில மாதங்களில் அதை வைத்துச் சொந்தமாக ஒரு கட்டுரை எழுதினார். கேம்பிரிட்ஜின் ரால்ஃப் ஃபௌலர் மூலம் அது 1929இல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது. 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது, அதே புள்ளியியலோடு சார்பியலைச் சேர்த்து வெண்குள்ள நட்சத்திரங்களுக்குக் கணக்குப் போட்டார். சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள ஒரு நட்சத்திரம் வெண்குள்ளனாக நிலைத்திருக்க முடியாது என்ற எல்லை அங்கிருந்து வந்தது. அதன் பெயர் சந்திரசேகர் எல்லை. 1983இல் நோபல் பரிசு.

நான் இயற்பியல் படித்த காலத்தில் ஃபெர்மி–டிராக் புள்ளியியல் என்பது பத்து மார்க் கேள்வி. சமன்பாட்டைத் தருவி, பண்புகளை எழுது, முடிந்தது. மதராஸ் ஓட்டல் அறை ஒன்றில் இது கைமாறிய கதை எங்கள் வகுப்பில் வரவே இல்லை. பல வருஷங்கள் கழித்துச் சந்திரசேகரின் வாழ்க்கையைப் படிக்கும்போதுதான் தெரிந்தது. அப்போது எனக்கு எழுந்த கேள்வி சந்திரசேகரைப் பற்றியதல்ல, அந்தக் கிழவரைப் பற்றியது. இப்படித் தூக்கிக் கொடுக்க ஒருவரால் எப்படி முடிந்தது? ஊர் சுற்ற வந்த இடத்தில் வந்த தாராளமா, இல்லை வழக்கமே அதுதானா?

வழக்கமே அதுதான்.

சொம்மர்ஃபெல்ட் 1868 டிசம்பர் 5 அன்று கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தவர். படித்தது கணிதம். கோட்டிங்கனில் பெரிய கணித மேதையான ஃபீலிக்ஸ் க்ளைனிடம் உதவியாளராக இருந்தார். பிறகு கிளாவ்ஸ்தால் சுரங்கக் கல்லூரியிலும் ஆஹன் தொழில்நுட்பக் கல்லூரியிலும் பாடம் எடுத்தார். ஆஹனில் மின்பொறியியல் படித்துக்கொண்டிருந்த பீட்டர் டெபை என்ற டச்சுப் பையனைக் கண்டெடுத்து உதவியாளராக வைத்துக்கொண்டார். 1906இல் மியூனிக் பல்கலைக்கழகம் கோட்பாட்டு இயற்பியல் பேராசிரியராக அழைத்தபோது டெபையையும் கூடவே கூட்டிப்போனார். என்னுடைய மிகப் பெரிய கண்டுபிடிப்பு டெபைதான் என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. டெபைக்கு 1936இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

மியூனிக்கில் அவர் கட்டிய பள்ளியின் அஸ்திவாரம் மிகச் சாதாரணமானது. ஆறு பருவங்களில் சுற்றிவரும் பாடத்திட்டம்: இயக்கவியல், நெகிழும் பொருள்களின் இயக்கவியல், மின்னியக்கவியல், ஒளியியல், வெப்ப இயக்கவியல், இயற்பியலின் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள். வாரத்துக்கு நான்கு மணி நேர வகுப்பு, அதற்கான கணக்குப் பயிற்சிகள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. இதை முப்பது ஆண்டுகளுக்கு மேல் அலுக்காமல் செய்தார். நம் கல்லூரிப் பேராசிரியர் எவரும் செய்யக்கூடியதுதானே என்று தோன்றும். வித்தியாசம் அடுத்த வகுப்பில் இருந்தது. இந்தப் பொது வகுப்புகளோடு, தான் அப்போது எதை ஆராய்ந்துகொண்டிருக்கிறாரோ அதையே தனி வகுப்பாகவும் எடுப்பார். விடை தெரியாத விஷயம் கரும்பலகைக்கு வரும். அங்கே வாத்தியாரும் மாணவரும் ஒரே இடத்தில் நிற்பார்கள்.

இது எப்படி வேலை செய்தது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பால் எவால்ட். முனைவர் பட்டத்துக்குத் தலைப்புக் கேட்டுப் போனார். சொம்மர்ஃபெல்ட் ஒரு தாளை எடுத்து நீட்டினார். அதில் பத்துப் பன்னிரண்டு கணக்குகள் வரிசையாக எழுதியிருந்தன. கடைசியாக இருந்தது, படிகத்தில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தால் ஒளி அதற்குள் எப்படிப் போகும் என்ற கேள்வி. இதற்கு வழி எனக்கே சரியாகத் தெரியாது, மற்றவை பத்திரமானவை என்று எச்சரித்தார். எவால்ட் கடைசியையே எடுத்துக்கொண்டார்.

1912 ஜனவரியில், ஆய்வேட்டை முடிக்கும் தறுவாயில், அதே துறையில் இருந்த மாக்ஸ் ஃபான் லாவேயிடம் ஒரு சந்தேகம் கேட்கப் போனார். இருவரும் பூங்கா வழியாக நடந்துகொண்டே பேசினார்கள். படிகத்தில் அணுக்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று கேட்ட லாவேயின் தலைக்குள் வேறொரு யோசனை ஓட ஆரம்பித்தது. அந்த இடைவெளி அளவுக்குச் சிறிய அலையை உள்ளே அனுப்பினால்? எக்ஸ் கதிரை அனுப்பினால்? சொம்மர்ஃபெல்டுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அணுக்கள் வெப்பத்தால் ஆடிக்கொண்டே இருக்குமே, ஒழுங்கான படம் எப்படி வரும் என்பது அவர் தயக்கம். ஆனாலும் அவருடைய உதவியாளர் வால்டர் ஃப்ரீட்ரிஷும் பால் க்னிப்பிங்கும் சோதனையைச் செய்தார்கள். தட்டில் புள்ளிகள் விழுந்தன. எக்ஸ் கதிர்கள் அலைகள், படிகம் அணுக்களின் அடுக்கு என்ற இரண்டும் ஒரே தட்டில் நிரூபணம் ஆயின. பவேரிய அகாதெமியில் அந்தக் கட்டுரையைச் சமர்ப்பித்தவர் தயங்கிய அதே சொம்மர்ஃபெல்ட்தான். 1914ஆம் ஆண்டுக்கான நோபல் லாவேக்குப் போனது. உப்பிலிருந்து டி.என்.ஏ. வரை மூலக்கூறுகளின் வடிவத்தை நாம் அறிந்தது இந்த வழியில்தான்.

1918இல் வியன்னாவிலிருந்து வொல்ஃப்காங் பவுலி வந்து சேர்ந்தார். பதினெட்டு வயது, பொதுச் சார்பியல் பற்றிக் கட்டுரை எழுதும் அளவுக்குத் தயாராக வந்தவர். இப்படிப்பட்ட பையனுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது? சொம்மர்ஃபெல்ட் அவரிடம் ஒரு வேலையைக் கொடுத்தார். கணித அறிவியல் கலைக்களஞ்சியத்துக்குச் சார்பியல் பற்றிய அத்தியாயத்தை நீ எழுது என்றார். பவுலி இருநூறு பக்கங்களைத் தாண்டி எழுதினார். அது 1921இல் வெளிவந்தபோது, இதை எழுதியவருக்கு இருபத்தொரு வயது என்பதை நம்ப முடியவில்லை என்ற பொருளில் ஐன்ஸ்டைனே மதிப்புரை எழுதினார். பின்னாளில் பவுலியின் நாக்குக்கு ஐரோப்பாவே பயந்தது. யாரையும் விட்டுவைக்காத மனிதர். ஆனால் சொம்மர்ஃபெல்ட் அறைக்குள் நுழைந்தால் மட்டும் எழுந்து நின்று, பணிவாக ‘ஆமாம் ஐயா’, ‘இல்லை ஐயா’ என்று பதில் சொல்வாராம். பார்த்தவர்கள் எல்லாம் ஆச்சரியத்தோடு எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஹைசன்பெர்க் 1920இல் வந்தார். முதலில் கணிதம் படிக்கத்தான் ஆசை. கணிதப் பேராசிரியர் லிண்டமானைப் பார்க்கப் போனால், அவருடைய நாய்க்குட்டி மேசை மேலிருந்து விடாமல் குரைத்தது. ஹெர்மன் வெய்லின் சார்பியல் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று பையன் சொன்னதும், அப்படியென்றால் கணிதத்துக்கு நீ உதவமாட்டாய் என்று லிண்டமான் கதையை முடித்துவிட்டார். இதை ஹைசன்பெர்க்கே பின்னால் எழுதியிருக்கிறார். அடுத்த கதவு சொம்மர்ஃபெல்டுடையது. அவர் சேர்த்துக்கொண்டார். சேர்ந்த கையோடு, காந்தப்புலத்தில் நிறமாலைக் கோடுகள் பிரியும் சீமன் விளைவின் புத்தம் புதிய அளவீடுகளைக் கொடுத்து, இதில் என்ன ஒழுங்கு இருக்கிறது பார் என்றார். முதலாண்டு மாணவனிடம்!

பையன் திரும்பி வந்து, குவாண்டம் எண்கள் அரை எண்களாக இருந்தால் கணக்குச் சரியாக வருகிறது என்றான். சொம்மர்ஃபெல்ட் அதிர்ந்துபோனார். குவாண்டம் கொள்கையில் நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், எண்கள் முழு எண்கள் என்பது. அதையும் விட்டால் என்ன மிஞ்சும்? தயங்கிக்கொண்டிருந்த அந்த இடைவெளியில் ஆல்ஃபிரட் லாண்டே அதையே தன்போக்கில் கண்டுபிடித்து வெளியிட்டுவிட்டார். ஆனாலும் ஹைசன்பெர்க் அந்த வழியிலேயே தொடர்ந்து போக, சொம்மர்ஃபெல்ட் மறிக்கவில்லை. 1922இல் ஹைசன்பெர்க்கின் முதல் கட்டுரை அரை எண்களோடுதான் வெளிவந்தது. அதே ஆண்டு கோட்டிங்கனில் நீல்ஸ் போரின் தொடர் உரைகளுக்கு அவரையும் கூட்டிப்போனார். அங்கே போரை எதிர்த்துக் கேள்வி கேட்ட இருபது வயதுப் பையனைத்தான் போர் மாலை நடைக்கு அழைத்துப்போனார். பிற்பாடு நடந்தது உலகம் அறிந்தது.

வாத்தியார் நிஜமாகவே தேவைப்பட்ட நாள் 1923 ஜூலையில் வந்தது. ஹைசன்பெர்க்கின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. சோதனை இயற்பியல் பேராசிரியர் வில்ஹெல்ம் வீன், 1911இல் நோபல் வாங்கியவர், கேட்கிறார்: நுண்ணோக்கியின் பிரித்தறியும் திறன் என்ன? தெரியாது. பேட்டரி எப்படி வேலை செய்கிறது? அதுவும் தெரியாது. ஆய்வுக்கூடப் பக்கமே ஒழுங்காகத் தலைகாட்டாத பையன். ஃபெயில் போடுவேன் என்று வீன் நின்றார். சொம்மர்ஃபெல்ட் முதல் தர மதிப்பெண் போட்டார். கடைசியில் இரண்டையும் சராசரியாக்கி, ஒப்பேற்றும் மதிப்பெண்ணில் பாஸ். பேட்டரி தெரியாதவனுக்கு டாக்டர் பட்டமா என்ற வீனின் கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நான்கு ஆண்டுகள் கழித்து நிச்சயமின்மைக் கோட்பாட்டை விளக்க ஹைசன்பெர்க் ஒரு கற்பனை நுண்ணோக்கியை எடுத்துக்கொண்டார். அதிலும் சரியாக அந்தப் பிரித்தறியும் திறன் விஷயத்தில்தான் சறுக்கி, போர் திருத்த வேண்டியிருந்தது! ஆனால் ஒரு மாணவனுக்கு என்ன தெரியாது என்று ஒரு பேராசிரியர் எண்ணிக்கொண்டிருந்தபோது, அவனால் என்ன முடியும் என்று இன்னொருவர் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருமே தேவைதான். நம்ம ஊரில் முதல் வகைக்குப் பஞ்சமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பவேரிய ஆல்ப்ஸில் சுடெல்ஃபெல்ட் என்ற இடத்தில் ஒரு பனிச்சறுக்குக் குடில் இருந்தது. சொம்மர்ஃபெல்ட் மாணவர்களை அங்கே கூட்டிப்போவார். பகலில் பனிச்சறுக்கு, இரவில் இயற்பியல். வகுப்பில் வாய் திறக்காதவன் அங்கே திறப்பான். நம்மிடம் பனி இல்லை. ஆனால் கல்லூரி வாசல் டீக்கடையில் ஒரு பேராசிரியர் மாணவர்களோடு உட்கார்ந்தாலே எத்தனை புருவங்கள் உயர்கின்றன!

இப்போது இந்தக் கதையின் கசப்பான பகுதிக்கு வருகிறேன். சொம்மர்ஃபெல்டின் சொந்தச் சாதனை போரின் அணு மாதிரியை விரிவாக்கியது. எலெக்ட்ரான் பாதைகளை நீள்வட்டமாக்கி, சார்பியலைச் சேர்த்து, ஹைட்ரஜன் நிறமாலையின் நுண்ணமைப்பை 1916இல் கணக்கிட்டார். அதில் பிறந்த நுண்ணமைப்பு மாறிலி, ஏறத்தாழ 137இல் ஒரு பங்கு என்ற எண், இன்றும் இயற்பியலாளர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஆனால் அந்தப் பாதைகள்? அவற்றை 1925இல் தூக்கி எறிந்தவர் ஹைசன்பெர்க். அதே ஆண்டு தவிர்ப்புக் கோட்பாட்டைச் சொல்லி அணுவை வேறு அடித்தளத்தில் நிறுத்தியவர் பவுலி. அவர் கட்டிய வீட்டை அவர் பிள்ளைகளே இடித்தார்கள்.

அறுபதை நெருங்கும் ஒரு மனிதர் இதற்கு என்ன செய்வார்? பதவியும் பெயரும் இருக்கிறது. புதுப் பசங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டு காலம் தள்ளலாம். சொம்மர்ஃபெல்ட் மாணவர்களிடம் படிக்க உட்கார்ந்தார். தன் புகழ்பெற்ற புத்தகத்துக்கு அலை இயக்கவியல் பற்றி 1929இல் ஒரு துணைத் தொகுதியே எழுதினார். அதற்கு முன்பே, உலோகங்களின் காந்தத் தன்மைக்குப் புதுப் புள்ளியியலைப் பயன்படுத்திய பவுலியின் கட்டுரையைப் பார்த்து, இதை உலோகத்தின் மற்ற பண்புகளுக்கும் பயன்படுத்தினால் என்ன என்று யோசித்தார்.

அதுவரை உலோகம் ஒரு புதிராக இருந்தது. மின்சாரத்தைக் கடத்த எலெக்ட்ரான்கள் சுதந்திரமாகத் திரிய வேண்டும். அப்படித் திரிந்தால், சூடாக்கும்போது அவையும் தங்கள் பங்குக்கு வெப்பத்தை உறிஞ்ச வேண்டும். ஆனால் அளந்து பார்த்தால் உறிஞ்சுவதே இல்லை. புதுப் புள்ளியியல் சொன்ன பதில்: இது கூட்டம் நிரம்பிய சினிமாக் கொட்டகை மாதிரி. ஒரு நாற்காலிக்கு ஒருவர்தான். நடுவில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து மாற நினைத்தாலும் பக்கத்தில் காலி இடம் இல்லை. ஓரத்தில், காலி வரிசைக்குப் பக்கத்தில் இருக்கும் சிலரால்தான் நகர முடியும். அதனால் வெப்பத்தை வாங்கிக்கொள்வதும் அந்தச் சிலர் மட்டுமே. வெண்குள்ள நட்சத்திரம் தன் எடையிலேயே நொறுங்காமல் நிற்பதும் இதே நெரிசலால்தான்.

அதாவது, மதராஸில் சந்திரசேகர் கையில் விழுந்த அந்த அச்சுப்படி, சொம்மர்ஃபெல்ட் தன் மாணவனிடமிருந்து கற்றுக்கொண்டது. பவுலியிடமிருந்து வாத்தியாருக்கு, வாத்தியாரிடமிருந்து பிரசிடென்சி கல்லூரிப் பையனுக்கு. இதைப் புரிந்துகொண்டபோது அவருடைய தாராளம் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. அறிவைத் தன் சொத்தாக நினைத்தவரால் அப்படிக் கொடுத்திருக்க முடியாது. அவரே அதைக் கடன் வாங்கி வைத்திருந்தார்.

1928 வாக்கில் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் கோட்பாட்டு இயற்பியல் பேராசிரியர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கினர் அவரிடம் படித்தவர்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். டெபை, ஹைசன்பெர்க், பவுலி, ஹான்ஸ் பெத்தே என்று அவரிடம் முனைவர் பட்டம் பெற்ற நால்வர் நோபல் வாங்கினார்கள். அமெரிக்காவிலிருந்து வந்து அவரிடம் தங்கிப் படித்த லைனஸ் பாலிங் தனிக் கணக்கு. திறமையான இளைஞர்களை மண்ணிலிருந்து கிளப்பி எடுப்பதுபோல் எடுக்கிறீர்களே என்று ஐன்ஸ்டைன் வியந்து அவருக்குக் கடிதம் எழுதினார்.

இத்தனை காலம் எடுத்துக் கட்டியதை உடைக்க எவ்வளவு காலம் ஆகும்? மிகக் கொஞ்சம். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த உடனே, தாய் யூதர் என்பதால் பெத்தே வேலையிழந்தார். சொம்மர்ஃபெல்ட் அவருக்கு மியூனிக்கில் தற்காலிகமாக ஓர் உதவித்தொகை ஏற்பாடு செய்து, இங்கிலாந்துக்குப் போக வழி பார்த்தார். முதல் உலகப் போரின்போது தேசப்பற்றில் ஊறியிருந்தவர், 1934இல் ஐன்ஸ்டைனுக்கு எழுதிய கடிதத்தில், ஆட்சியாளர்கள் ‘தேசம்’ என்ற சொல்லைப் பயன்படுத்தும் விதமே தன்னுடைய தேசிய உணர்வைப் போக்கிவிட்டது என்ற பொருளில் எழுதினார்.

1935இல் ஓய்வு வயது வந்தது. தன் இடத்துக்கு ஹைசன்பெர்க் வர வேண்டும் என்று விரும்பினார். ‘ஜெர்மானிய இயற்பியல்’ என்று கொடி பிடித்த கோஷ்டி விடவில்லை. அவர்களுக்குச் சார்பியலும் குவாண்டமும் யூதச் சரக்கு. 1937 ஜூலையில் எஸ்.எஸ். பத்திரிகை ஹைசன்பெர்க்கை ‘வெள்ளை யூதன்’ என்று திட்டி எழுதியது. நான்கு ஆண்டு இழுபறிக்குப்பின், 1939 டிசம்பரில் அந்த நாற்காலிக்கு வில்ஹெல்ம் முல்லர் என்பவர் வந்தார். காற்றியக்கவியல்காரர். நவீன இயற்பியலுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. இதைவிட மோசமான வாரிசைக் கற்பனை செய்ய முடியாது என்று சொம்மர்ஃபெல்ட் நொந்துபோனார். லாவேயும் பவுலியும் ஹைசன்பெர்க்கும் நடந்த கூடத்தில் குவாண்டம் கொள்கை சொல்லித்தர ஆள் இல்லாமல் போனது. தகுதியை விட்டுவிட்டு விசுவாசத்தைப் பார்த்து நிரப்பப்படும் ஒரு பேராசிரியர் நாற்காலி என்ன செய்யும் என்பது நமக்கும் அந்நியமான பாடமல்ல.

அந்த இருண்ட காலத்தில் கிழவர் ஒன்று செய்தார். தன் ஆறு பருவப் பாடங்களையும் உட்கார்ந்து புத்தகமாக எழுத ஆரம்பித்தார். வகுப்பறை பறிபோனால் என்ன, வகுப்பு போகக் கூடாது என்று நினைத்திருப்பார் என்பது என் ஊகம்.

நோபல் பரிசுக்கு அவர் பெயர் 84 முறை பரிந்துரைக்கப்பட்டது. இயற்பியலில் வேறு எவருக்கும் இத்தனை பரிந்துரைகள் வந்ததில்லை. ஆனால் பரிசு ஒரு முறைகூட வரவில்லை. பரிசுக்குழு தேடியது ஒரு கண்டுபிடிப்பை. இவரிடம் இருந்ததோ ஒரு பரம்பரை. அதை எந்தப் பத்தியில் எழுதுவது? 1948ஆம் ஆண்டுக்கான ஓர்ஸ்டெட் பதக்கத்தை அமெரிக்க இயற்பியல் ஆசிரியர்கள் சங்கம் அவருக்கு வழங்கியது. கற்பித்தலுக்கென்றே தரப்படும் விருது. அப்போது அவருக்கு எண்பது வயது. உலகப் போரில் எதிரெதிரே நின்ற நாட்டின் வாத்தியார்கள், போர் முடிந்த சில ஆண்டுகளில் ஒரு ஜெர்மானியரைத் தங்கள் தொழிலின் முன்னோடி என்று ஒப்புக்கொண்டார்கள். பெரிய பரிசு தவறவிட்டதைச் சிறிய பரிசு சரியாகப் பிடித்தது.

1951இல் மியூனிக்கில் பேரக் குழந்தைகளோடு நடந்துபோகும்போது ஒரு வண்டி மோதியது. ஏப்ரல் 26 அன்று இறந்தார். அவர் எழுதிவந்த பாடத் தொகுதிகளில் வெப்ப இயக்கவியல் மட்டும் பாதியில் நின்றது. ஃப்ரிட்ஸ் பாப், யோசஃப் மைக்ஸ்னர் என்ற இருவர் அதை முடித்து அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள். மைக்ஸ்னர் அவரிடம் படித்தவர்.